வாயில் ஊறும் நீர்

நம் உடலில் ஊறும் நீர்களுள் மதிப்பிழந்து கிடப்பது உமிழ்நீர். கண்ணீரைப் புலவர்கள் பாடினர். வியர்வையை உழைப்பின் அடையாளம் என்று போற்றுகிறோம். குருதியை உறவுக்கும் வீரத்துக்கும் சான்றாகக் காட்டுகிறோம். உமிழ்நீரை மட்டும் ‘எச்சில்’ என்று சொல்லி முகஞ்சுளிக்கிறோம். அதன் பெயரும் அதற்குப் பகையாகவே அமைந்துவிட்டது. உமிழப்படும் நீர் ஆதலால் உமிழ்நீர் என்றனர். ஆனால், நாள் முழுதும் ஊறும் நீரில் நாம் உமிழ்வது எத்தனை துளி? ஏறத்தாழ முழுவதையும் நம்மை அறியாமலே விழுங்கிவிடுகிறோம். வள்ளுவப் பெருந்தகையோ காமத்துப்பாலில், காதலியின் பற்களிடையே ஊறும் நீரைப் பாலொடு கலந்த தேனுக்கு ஒப்பிட்டார். காதலர் அறிந்த அருமையை ஏனையோரும் அறிய வேண்டாவா?

நான் பல் மருத்துவம் பயிலும் மாணவன். நம் மன்றத்து நண்பர்களுள் பெரும்பாலோர் பொறியியலும் வணிகவியலும் கணிதமும் பயில்பவர்கள். பல்லையும் வாயையும் பற்றி அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பல. அவற்றுக்கெல்லாம் விடை தேடிப் போனால் ஈற்றில் வந்து நிற்கும் இடம் ஒன்றே. வாயைக் காப்பது உமிழ்நீர். அந்தக் காவலனையே பகைவனுக்குக் கதவு திறப்பவனாக மாற்றிவிடும் பழக்கம் ஒன்று நம்மிடையே உண்டு. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊற்றுக்கண்கள்

உமிழ்நீரைச் சுரக்கும் பெருஞ்சுரப்பிகள் மூன்று இணை. காதுக்கு முன்னும் கீழுமாகக் கன்னத்தில் அமைந்திருப்பது செவியருகுச் சுரப்பி. மூன்றனுள் பெரியது இதுவே. சிறுவயதில் பலருக்கும் வந்த ‘பொன்னுக்கு வீங்கி’யை நினைத்துப் பாருங்கள், அன்று வீங்கியது இச்சுரப்பியே. கீழ்த்தாடையின் உட்புறத்தில் இருப்பது கீழ்த்தாடைச் சுரப்பி. நாவின் அடியில் இருப்பது நாவடிச் சுரப்பி. இவையன்றி உதட்டிலும் கன்னத்திலும் அண்ணத்திலும் சிறுசுரப்பிகள் நூற்றுக்கணக்கில் பரவிக் கிடக்கின்றன.

கீழ்த்தாடைச் சுரப்பியின் குழாயை 1656ஆம் ஆண்டில் வார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் எழுதி வைத்தார். செவியருகுச் சுரப்பியின் குழாயைக் கண்டவர் நீல்ஸ் ஸ்டென்சன். டென்மார்க்கு நாட்டவரான அவர், 1660ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஓர் ஆட்டுத்தலையை அறுத்து ஆராய்ந்து கொண்டிருந்தபோது அக்குழாயைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 22. நம்மைப் போல் ஒரு மாணவர்! மேற்பல் வரிசையில் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு நேராகக் கன்னத்தை நாவால் தடவிப் பாருங்கள். அங்கே தட்டுப்படும் சிறு மேடுதான் ஸ்டென்சன் குழாயின் வாயில்.

ஒரு நாளில் ஊறும் உமிழ்நீர் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை இருக்கும். வாளா இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.3 மில்லி லிட்டர் ஊறும். பெரும்பகுதி கீழ்த்தாடைச் சுரப்பியிலிருந்து வரும். உணவை மெல்லும்போது செவியருகுச் சுரப்பி முன்வந்து பன்மடங்கு நீரைப் பொழியும். உறக்கத்தில் ஊற்று அடங்கிவிடும். வாளா இருக்கையில் நிமிடத்துக்கு 0.1 மில்லி லிட்டருக்கும் குறைந்தால் சுரப்பு மிகக் குறைந்துவிட்டது என்று மருத்துவர் கொள்வர்.

சுரப்பிகளை ஆள்பவை நரம்புகள். மாங்காயை நினைத்த அளவிலேயே நா ஊறுவது யாவரும் அறிந்தது. நாய்களின் உமிழ்நீரைத் துளித்துளியாக அளந்து இத்தகைய பழக்கவழி ஊறலை ஆராய்ந்தவர் உருசிய அறிஞர் பாவ்லவ். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அச்சமோ ஊற்றை அடக்கும். வாய்மொழித் தேர்வுக்குப் போய் நிற்கும்போது நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வது ஏன் என்று இனி விளங்கும்.

நூற்றில் ஒரு பங்கின் ஆற்றல்

உமிழ்நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வெறும் நீரே. எஞ்சிய ஒரு பங்கு செய்யும் பணியோ வியப்புக்குரியது.

முதலாவது, செரிமானம். ஒரு பிடி வெறுஞ்சோற்றை இரண்டு நிமிடம் விழுங்காமல் மென்று பாருங்கள், மெல்ல இனிப்பேறும். சோற்றிலுள்ள மாவுப்பொருளை அமிலேசு என்னும் நொதி சர்க்கரையாக உடைப்பதே காரணம். உமிழ்நீர் மாவைச் சர்க்கரையாக்கும் என்பதை 1831ஆம் ஆண்டிலேயே லாய்க்ஸ் என்னும் செருமானிய வேதியியலார் காட்டினார்.

இரண்டாவது, காவல். உமிழ்நீரிலுள்ள லைசோசைம் என்னும் நொதி சில நுண்ணுயிர்களின் சுவரைக் கரைத்துவிடும். பெனிசிலினைக் கண்ட பிளெமிங்கே 1922ஆம் ஆண்டில் இதையும் கண்டார். இதனோடு எதிர்ப்புப் புரதங்களும் சேர்ந்து நிற்கின்றன. வாயில் ஏற்படும் சிறுபுண், கையில் ஏற்படும் புண்ணினும் விரைந்து ஆறுவதற்கு உமிழ்நீர்ப் புரதங்கள் சிலவும் துணை செய்கின்றன.

மூன்றாவதாகிய பணியே பல்லுக்கு உயிர்நாடி. இனிப்பைத் தின்றவுடன் பல்லில் படிந்த நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவில் 7 என்பது நடுநிலை. சில நிமிடங்களில் அது 5.5க்கும் கீழே இறங்கும். இறங்கியதும் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். உமிழ்நீர் அமிலத்தைக் கழுவுகிறது. தன்னிடமுள்ள பைகார்பனேட்டால் அதை முறிக்கிறது. இழந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திரும்பக் கொடுக்கிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். 1940களில் ஸ்டீபன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் பற்படிவில் இந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் அளந்து காட்டினார். இன்றும் அக்கோட்டுக்கு அவர் பெயரே வழங்குகிறது.

ஆகவே, எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை முறை இனிப்பு என்பதும் கணக்கில் வரும். ஒரே வேளையில் இரண்டு மைசூர்பாகு தின்பவரின் பல்லுக்கு மீள நேரம் கிடைக்கிறது. விடுதி அறையில் அரைமணிக்கு ஒருமுறை சர்க்கரை போட்ட காப்பியை உறிஞ்சிக்கொண்டே படிப்பவரின் பல்லுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. இரவில் தின்றுவிட்டுப் பல் துலக்காமல் படுப்பவர் நிலை இன்னும் கேடு. ஊற்று அடங்கிய நேரத்தில் அமிலத்தைக் கழுவுவார் யார்?

பெங்களூர் கண்ட கணக்கு

இத்தகைய காவலனை வைத்திருந்தும் நம் நாட்டில் வாய்ப்புற்று இத்தனை மிகுந்திருப்பது ஏன்? இதற்கு விடை தந்த ஆய்வுகளுள் ஒன்று இந்நகரிலேயே நடந்தது.

ஓசூர் சாலையில் நிம்ஹான்சுக்கு அருகே இருப்பது 1973ஆம் ஆண்டில் தோன்றிய கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம். பெங்களூர் மக்களிடையே யாருக்கு எவ்வகைப் புற்று வந்தது என்று பதிந்து வைக்கும் பதிவேடு 1982ஆம் ஆண்டு முதல் அங்கே நடந்து வருகிறது. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணாமல் நகர மக்கள் முழுமையையும் கணக்கில் கொள்வதே மக்கள்தொகைப் பதிவேட்டின் சிறப்பு.

அப்பதிவேட்டின் துணைகொண்டு நந்தகுமார் முதலான ஆய்வாளர்கள் வாய்ப்புற்று கண்ட 348 பேரை எடுத்துக்கொண்டனர். ஒவ்வொருவருக்கும் ஒத்த வயதும் பாலும் உடையவராய், அதே வட்டாரத்தில் புற்றின்றி வாழ்பவரைத் தேடி இணை சேர்த்தனர். இரு சாராரின் பழக்கங்களையும் கேட்டு ஒப்பிட்டனர். 1990ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: புகையிலை சேர்த்து வெற்றிலை போடும் ஆண், பெண் இருபாலார்க்கும் வாய்ப்புற்று வரும் இடர் மிகுதி, பெண்களுக்கோ அது போடாதவர்களைவிட ஏறத்தாழ 25 மடங்கு. எத்தனை ஆண்டு போட்டார், நாளைக்கு எத்தனை முறை போட்டார் என்பவை ஏற ஏற இடரும் ஏறியது.

பெண்கள் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் நினைவுக்கு வருகிறார்கள் அல்லவா? புகைபிடிப்பதை ஆணின் குற்றமாகக் கண்டிக்கும் நம் சமூகம், ஆயாவின் சுருக்குப்பையிலுள்ள புகையிலையைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டது.

காவலன் கதவு திறத்தல்

பாக்கை வாயிலிட்டால் நீர் பெருகி ஊறுவது ஏன்? பாக்கில் அரிகோலின் என்னும் பொருள் உண்டு. அது நரம்பின் செய்தியைப் போல நடித்துச் சுரப்பிகளை ஏவுகிறது. ஏவல் வந்ததென நம்பிச் சுரப்பிகள் நீரைப் பொழிகின்றன. அந்நீரில் பாக்கின் சாறும் புகையிலையின் சாறும் கரைகின்றன. சுண்ணாம்பு அந்நீரைக் காரமாக்குகிறது. காரநீரில் பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் காற்றிலுள்ள உயிர்வளியோடு வினைபுரிந்து சிவக்கின்றன. நாம் அழகு என்று கண்ட அச்சிவப்பு பிறக்கும் வேளையில் மரபணுவைச் சிதைக்கக்கூடிய தீவிரப் பொருள்களும் பிறக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. நாம் உண்ணும் கீரையிலும் காயிலும் உள்ள நைட்ரேட் உமிழ்நீரில் சுரந்து, வாயிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாக மாறுகிறது. இதனால் தீங்கில்லை. ஆனால் பாக்கின் பொருள்கள் அங்கே இருந்தால் அவற்றோடு சேர்ந்து நைட்ரோசமீன்கள் என்னும் நச்சுப்பொருள்கள் உண்டாகின்றன. வெற்றிலை போடுவோரின் உமிழ்நீரில் இவற்றை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். புகையிலையோ இவ்வினத்து நஞ்சுகளை உள்ளே வைத்துக்கொண்டே வருகிறது. இவையெல்லாம் கரைந்த நீர் மணிக்கணக்கில் கன்னத்தின் உட்தோலை நனைத்துக்கொண்டிருக்கிறது. நம் நாட்டில் கன்னத்தின் உட்புறத்திலும் ஈறோரத்திலும் புற்று மிகுந்து தோன்றுவதில் வியப்பென்ன?

“புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு போட்டால் என்ன?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். 2004ஆம் ஆண்டில் வெளியான உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் தொகுப்பு இதற்கு விடை சொல்லிவிட்டது. புகையிலை இல்லாத வெற்றிலைப்பாக்கும், தனிப் பாக்கும் மனிதருக்குப் புற்று விளைப்பவையே என அது வகைப்படுத்தியது.

புற்றுக்கு முன்னரே பாக்கு விளைக்கும் கேடு ஒன்றுண்டு. கன்னத்தின் உட்தோல் நாராய் இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். காரம் பட்டால் எரியும். 1952ஆம் ஆண்டில் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இதைக் கண்டு சுவார்ட்சு என்பவர் எழுதினார். கடல் கடந்து போன நம்மவர் பாக்குப் பையையும் எடுத்துப் போயினர். நோயும் உடன் போயிற்று. இன்று இந்நோயோடு வருபவர்களுள் இளைஞர் பலர். பளபளக்கும் பான் மசாலாப் பொட்டலமே அவர்களுக்கு வெற்றிலைப் பெட்டி. கர்நாடகத்திலும் தமிழகத்திலும் 2013ஆம் ஆண்டில் குட்காவுக்குத் தடை வந்தது. உடனே பான் மசாலா ஒரு பொட்டலமாகவும் புகையிலை மற்றொரு பொட்டலமாகவும் கடைகளில் தொங்கின. வாங்குபவர் வாயில் கலந்துகொண்டார். தடை கடை வாசலிலேயே நின்றுவிட்டது.

வற்றிய வாய்

நோயைப் போலவே மருத்துவமும் உமிழ்நீரிடம் விலை கேட்பதுண்டு. தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு அளிக்கும்போது அக்கதிர் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் மேலும் படுகிறது. செவியருகுச் சுரப்பி கதிருக்கு மிக எளிதில் வாடுவது. சில வாரங்களிலேயே ஊற்று வற்றத் தொடங்கும். பலருக்கு அது முன்போல் திரும்புவதில்லை.

என் ஆயா கோலார் தங்கவயலில் வாழ்ந்தவர். கன்னத்தின் உள்ளே ஆறாத புண் ஒன்று புற்றெனத் தெரிந்து, அறுவையும் கதிர்வீச்சும் செய்துகொண்டு உயிர் தப்பினார். நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் ஒரு கவளம் சோற்றுக்கு ஒரு மிடறு தண்ணீர் குடித்தால்தான் அவருக்கு உள்ளே இறங்கும். இரவில் நா வறண்டு நான்கு முறை எழுவார். நன்றாயிருந்த பற்கள் இரண்டே ஆண்டில் ஈறோரமாகச் சொத்தையாகி ஒவ்வொன்றாய் ஒடிந்தன. “பசிக்குது கண்ணு, ஆனா வாயில தண்ணி ஊறமாட்டேங்குதே” என்பார். ஊறுகாய்ச் சாடியை முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைப்பார். உமிழ்நீர் இன்னதென்று நூலில் நான் படித்தது பின்னாளில்; அஃது இல்லாமை இன்னதென்று முன்னரே கண்டுவிட்டேன்.

இத்துன்பத்தைக் குறைக்க வழி தேடியவர்களும் உண்டு. கதிரின் திசையையும் வலிமையையும் கணிப்பொறியால் செதுக்கி, செவியருகுச் சுரப்பியை இயன்றவரை விலக்கிச் செலுத்தும் முறை வந்தது. பிரிட்டனில் தொண்டைப்புற்று நோயாளிகள் 94 பேரிடம் இதைச் சோதித்து 2011ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பழைய முறையில் கதிர் பெற்றோருள் நூற்றுக்கு 74 பேர் வாய்வறட்சியால் மிகுதியும் வருந்தினர். புதிய முறையில் நூற்றுக்கு 38 பேரே. புற்றைக் கொல்வதோடு நோயாளி பின்னர் எப்படி உண்பார் என்பதையும் எண்ணிய மருத்துவம் இது.

வாய் வறளக் காரணம் கதிர்வீச்சு ஒன்றே அன்று. ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் குருதி அழுத்தத்துக்கும் தரும் மருந்துகள் பல ஊற்றைக் குறைப்பன. கட்டுப்படாத நீரிழிவும் குறைக்கும். உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பிகளையே தாக்கிக் கண்ணையும் வாயையும் வறட்டும் நோயை 1933ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருத்துவர் சோக்ரன் விரித்துரைத்தார். முதியோர் “வாய் காய்கிறது” என்றால், “வயசாச்சு, அப்படித்தான்” என்று தள்ளிவிடக் கூடாது. அவர் உண்ணும் மருந்துகளின் பட்டியலோடு மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

ஒரு துளியில் நோயறிதல்

உமிழ்நீர் தன் வாயிலாக உடலின் செய்தியையும் சொல்லும். 2004ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் வாங் குழுவினர், வாய்ப்புற்று உள்ளவர் உமிழ்நீரில் சில ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் மிகுந்திருப்பதைக் காட்டினர். கொரோனாப் பெருந்தொற்றின்போது உமிழ்நீரைக் கொண்டு தீநுண்மியைக் கண்டறியும் சோதனைகளும் வந்தன. ஊசி வேண்டா, வலி இல்லை. எனினும் வாய்ப்புற்றை உறுதி செய்ய இன்றும் சதைத்துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே வழி. துளி எச்சரிக்கலாம், தீர்ப்புக் கூறும் நிலைக்கு அஃது இன்னும் வரவில்லை.

நாம் செய்யத்தக்கவை

கண்ணாடி முன் நின்று வாயை அகலத் திறந்து, உங்கள் நடு மூன்று விரல்களையும் மேல்கீழாக அடுக்கி முன்பற்களிடையே வைத்துப் பாருங்கள். நுழைந்தால் நன்று. முன்பு நுழைந்தது இப்போது நுழையவில்லை என்றால் பல் மருத்துவரை நாடுங்கள். கன்னத்தின் உள்ளும் நாவின் ஓரமும் அடியும் பாருங்கள். தேய்த்தும் போகாத வெள்ளைத் திட்டு, செந்திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இவற்றுள் எது தெரிந்தாலும் காலந்தாழ்த்தல் ஆகாது. வலியில்லை என்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் வலிக்காததே இந்நோயின் வஞ்சகம்.

இனிப்பை உணவு வேளையோடு முடித்துக்கொள்ளுங்கள். இரவில் பல் துலக்கியபின் தண்ணீர் தவிர வேறொன்றும் வேண்டா. வாய் வறண்டவர்க்கு அடிக்கடி ஒரு மிடறு நீரும், சர்க்கரையில்லாத மெல்லும் பசையும், புளோரைடு கலந்த பற்பசையும் துணை. ஊற்றைத் தூண்டும் மருந்துகளும் உள. அவை மருத்துவர் சொற்படியே.

தாம்பூலம் தமிழர் மரபு என்று சினப்பார் உளர். தட்டில் வைத்து மதிப்புச் செய்யும் தாம்பூலத்தை யாரும் மறுக்கவில்லை. நிச்சயதார்த்தத் தட்டிலுள்ள பாக்கு ஒருவர் கன்னத்தையும் அரிக்கவில்லை. நாள்தோறும் கன்னத்தில் அடக்கி வைக்கும் பாக்கே அரிக்கிறது. நாட்டிலேயே மிகுதியாகப் பாக்கு விளையும் கர்நாடகத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன். மலைநாட்டு உழவர் பலரின் பிழைப்பு அதில் இருப்பதையும் அறிவேன். அவர்களுக்கு மாற்றுப்பயிர் காட்டுவது அரசின் கடன். நம் வாயைக் காத்துக்கொள்வது நம் கடன்.

நம் விடுதிகளில் பான் மசாலாவுக்குப் பழகிய நண்பர் சிலர் இருக்கின்றனர். அவர்களைப் பழிக்க வேண்டா. அருகில் அமர்ந்து அந்த மூன்று விரற் சோதனையைச் செய்து காட்டுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சுருக்குப்பையை இடுப்பில் செருகியிருக்கும் பெரியவரின் வாயையும் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். புண்ணைத் தொடக்கத்திலேயே கண்டுவிட்டால் சிறு மருத்துவத்தோடு பிழைக்க வழி உண்டு. அவர் உண்ணும் சோறும் தடையின்றித் தொண்டையில் இறங்கும்.